விதை வாரம்: பால்வாடிக்குப் புதிதாக வந்த டீச்சர்களுக்கு

அங்கன்வாடி வேலையில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, ரெண்டு பாட்டு பாடினேன், ஒரு கதை சொன்னேன். மணி பார்த்தா பத்தே முக்கால்தான் ஆகுது. சாப்பாடு வரைக்கும் என்ன பண்றது?"

அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் அங்கன்வாடிகளைக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோதே, 3 முதல் 6 வயது வரையான பிள்ளைகளுக்கான முன்பருவக் கல்வி அதன் ஆறு சேவைகளில் ஒன்றாக இருந்தது. ஊரில் மட்டும் இன்னும் நம்மைச் 'சோறு போடுற இடம்' என்றுதான் சொல்கிறார்கள். அதில் பாதிக் குற்றம் நம்முடையது. அந்த இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, நாம் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்வதைத்தான் பாடம் என்று பழகிவிட்டோம்.

நான் சொல்லப்போவது ஒரு வாரம், அந்த வாரம் முழுக்க ஒரே பொருள்: விதை. அதைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, காசு செலவில்லை. மற்றது, திங்கட்கிழமை கையில் கொடுத்த பயறு செவ்வாயன்று வேறு மாதிரி இருக்கும், புதனன்று இன்னொரு மாதிரி. நாளைக்கு ஏன் பால்வாடிக்குப் போக வேண்டும் என்பதற்குப் பிள்ளைக்கே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

முந்தைய வெள்ளிக்கிழமை: பொருள் சேர்ப்பது

பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களிடம், பாட்டிகளிடம் ஆளுக்கொரு கொட்டாங்குச்சி கேளுங்கள். கண் இருக்கிற பாதிதான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கண்ணைக் குத்தி ஓட்டையாக்கினால் தண்ணீர் வடிந்துவிடும், தனியாகத் துளை போட வேண்டியதில்லை. புளி ஆய்ந்த வீட்டில் கொட்டை கிடைக்கும். காய்ந்த மாங்கொட்டை, அவரை விதை, கொண்டைக்கடலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் போதும். பச்சைப்பயறு அரைக் கிலோ வாங்குங்கள். வெள்ளிக்கிழமை சுண்டலுக்கும் சேர்த்துத்தான்.

மையத்துக்கு முட்டை வந்து இறங்கும் அட்டை இருக்கிறதே, 30 குழி உள்ளது, அதைத் தூக்கிப் போடாதீர்கள். வகை பிரிக்க அதைவிட நல்ல தட்டு கிடையாது. முட்டை உடைந்து ஒட்டிய அட்டையை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றதை நல்ல வெயிலில் ஒரு நாள் காயவைத்து எடுங்கள்.

சேர்க்கக் கூடாத விதைகளும் உண்டு. குன்றிமணி பார்க்க அழகு, எண்ணப் பழக்கத் தோன்றும். வேண்டவே வேண்டாம். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அரளிக் காயும் அப்படித்தான். ஊர்ப் பிள்ளைகள் இவற்றைத் தாங்களாகவே பொறுக்கிக்கொண்டு வருவார்கள், அதனால் காலையில் டவுசர் பையைத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இரண்டரை வயதுப் பையன் ஒருவனையும் பெரிய பிள்ளைகளோடு உட்காரவைத்துப் பயறு கொடுத்தேன். அரை மணி கழித்துப் பார்த்தால் மூக்கைச் சொறிந்துகொண்டே இருக்கிறான். உள்ளே ஒரு பயறு. நான் பதற்றத்தில் விரலை விட்டு இன்னும் உள்ளே தள்ளிவிட்டேன். ஈரத்தில் அது ஊறி வேறு போனது. டாக்டர் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிட்டார், ஆனால் எடுக்கும்வரை எனக்கு உயிர் இல்லை. அன்றிலிருந்து என் வழக்கம் இது: மூன்று வயது நிரம்பாத பிள்ளைகள் கையில் 3 செ.மீ. அகலத்துக்குள் அடங்கும் எதுவும் போகாது. அவர்களுக்கு மாங்கொட்டை, கொட்டாங்குச்சி, டம்ளர் போதும். பெரியவர்களுக்குக் கொடுக்கும்போதும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவேன். மூக்கில் போய்விட்டால் ஊக்கு, ஈர்க்குச்சி என்று எதையும் விட்டுக் கிளறாதீர்கள், தண்ணீரும் விடாதீர்கள். நேராக ஆஸ்பத்திரி. தொண்டையில் சிக்கி மூச்சுத் திணறினால் ஒரு ஆளை உடனே 108ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, பிள்ளையை முன்பக்கமாகச் சாய்த்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாக ஐந்து தட்டுத் தட்டுங்கள். முதலுதவிப் பயிற்சி எங்கே நடந்தாலும் விடாமல் போய் வாருங்கள்.

இருபது பிள்ளையும் ஒரே நேரத்தில் விதை வேலையைச் செய்ய முடியாது. உதவியாளர் அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பார், அவரை நம்பித் திட்டம் போடாதீர்கள். நீங்கள் சுவரில் சாய்ந்து எல்லோரையும் பார்க்கிற மாதிரி உட்காருங்கள். உங்கள் முன்னால் ஐந்தாறு பேர் விதையோடு. மற்றவர்களுக்குக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு மூலையில் கட்டைகள், இன்னொரு மூலையில் தரையும் சாக்பீஸும். கால் மணிக்கு ஒரு தடவை ஆள் மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் சந்தைக்கடைதான். மூன்றாம் நாள் அவர்களே முறை வைத்துக்கொள்வார்கள்.

திங்கள்: பிரிப்பது, ஊறப்போடுவது

ஒரு தட்டில் நான்கு வகை விதையைக் கலந்து வையுங்கள், பக்கத்தில் முட்டை அட்டை. இப்போது ஒன்றும் பேசாமல், ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஒரு குழியில் போடுங்கள். ஒரு கொண்டைக்கடலையை எடுத்து வேறு குழியில் போடுங்கள். இன்னொரு புளியங்கொட்டையை முதல் புளியங்கொட்டையோடு சேருங்கள். அவ்வளவுதான், தட்டைத் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வாயும் கையும் சேர்ந்து ஓடினால் இந்த வயதுப் பிள்ளை வாயைத்தான் பார்க்கும், கையைப் பார்க்காது.

உங்களைப் போலத்தான் பிரிக்க வேண்டும் என்பதில்லை. என் மையத்தில் ஒரு பெண் குழந்தை எல்லா விதையையும் இரண்டே குவியலாக்கினாள். என்ன கணக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்டபோது, "இது அம்மா கொழம்புல போடுறது, இது போடாதது" என்றாள். அந்த இடத்தில் "தப்பு, நிறத்தை வெச்சுப் பிரி" என்றிருந்தால் எனக்கு ஒன்றும் தெரியாமலே போயிருக்கும். அதனால் "இது என்ன கலர்?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "எப்படிப் பிரிச்சே?" என்று கேளுங்கள்.

நடுவில் யாராவது ஒரு பயல் புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்துப் பக்கத்துப் பிள்ளைக்குச் சூடு வைப்பான். நாம் எல்லோரும் செய்ததுதான். திட்டாமல் அதையும் பாடமாக்கிக்கொள்ளுங்கள்: எல்லோரும் தேய்க்கட்டும், அவரவர் உள்ளங்கையில் மட்டும் வைத்துப் பார்க்கட்டும்.

விதை பொறுக்கும்போது அவர்கள் விரலைக் கவனியுங்கள். சின்னவர்கள் கையை முழுசாகப் போட்டு அள்ளுவார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பார்கள். பென்சில் பிடிக்கப் போகிற விரல்கள் அவைதான். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்புதான், வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் இறுகி எலும்பாகின்றன. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு பக்கம் எழுது என்றால் வலிக்காமல் என்ன செய்யும்? இடது கையால் எடுக்கிற பிள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள். பாட்டி வந்து சோற்றுக்கை எது என்று மாற்றப் பார்த்தாலும், இந்த வேலைக்கு எந்தக் கையும் நல்ல கைதான் என்று சொல்லிவையுங்கள்.

கடைசியில் பெரிய பிள்ளைகள் ஆளுக்குப் பத்துப் பயறு எண்ணிப் பொதுக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றட்டும். "நாளைக்கு இது என்ன ஆகும்?" என்று கேட்டு, சொல்வதையெல்லாம் அப்படியே நோட்டில் எழுதி வையுங்கள். 'கரைஞ்சிடும்', 'மீனாயிடும்' என்றெல்லாம் வரும். சாயங்காலம் பூட்டிக் கிளம்பும் முன் தண்ணீரை வடித்து ஈரத்துணி போட்டு மூடுங்கள். மறந்தால் காலையில் நாறும்.

உங்கள் பங்குக்கு ரகசியமாக ஒரு வேலை. சனிக்கிழமையே வீட்டில் ஒரு பிடி பயறு ஊறவைத்து, முளைவிட்டதைத் திங்கட்கிழமை இரண்டு கொட்டாங்குச்சியில் விதைத்து ஜன்னலில் வைத்துவிடுங்கள். பிள்ளைகளுடையது ஏமாற்றினால் இது கைகொடுக்கும்.

செவ்வாய்: தண்ணீர்

காலையில் முதல் வேலை, காய்ந்த பயறு ஒன்றையும் ஊறிய பயறு ஒன்றையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவது. நோட்டை எடுத்து நேற்று யார் என்ன சொன்னார்கள் என்று படித்துக் காட்டுங்கள். தன் பேச்சு எழுத்தாகி மறுநாள் அப்படியே திரும்பி வருவதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். எழுத்து எதற்கு என்பதை இதைவிடச் சுலபமாகச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஊற்றும் வேலை. மரத்தடியிலோ வாசலிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆளுக்கு ஒரு தட்டு, அதில் இரண்டு சின்ன டம்ளர். ஒன்றில் அரை டம்ளர் தண்ணீர்.
2. முதலில் தண்ணீருக்குப் பதில் கொண்டைக்கடலையை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொட்டிப் பழகட்டும். சிந்தினால் பொறுக்கிவிடலாம்.
3. பிறகு தண்ணீர். டம்ளரில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டி, 'இந்தக் கோடு வரைக்கும்' என்று காட்டுங்கள்.
4. பக்கத்திலேயே ஒரு பழைய துணி. சிந்தியதைத் துடைத்துப் பிழிவதும் அதே பிள்ளையின் வேலை.

நான்காவதை விட்டுவிடாதீர்கள். துணி பிழிவதைப் போல விரலுக்கு வேலை கொடுப்பது எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கும் ஊற்றுவதைவிடப் பிழிவதுதான் பிடிக்கிறது, வேண்டுமென்றே சிந்துகிறவர்கள்கூட உண்டு.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரின் சான் லொரன்சோ என்ற ஏழைப் பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியைத் தொடங்கினார். ஊற்றுவது, துடைப்பது, கழுவுவது என்று வீட்டு வேலைகளையே பிள்ளைகளுக்கான பயிற்சியாக்கினார். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கும்படி ஆனது. அவர் பெயரைப் போட்டு நகரத்தில் பெரிய கட்டணம் வாங்குகிறார்கள். நம்மிடம் டம்ளரும் தண்ணீரும் இருக்கிறது.

நேரம் இருந்தால் இதையும் செய்து பாருங்கள். ஒரே அளவான இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர். பிள்ளை 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதன் கண்ணெதிரே ஒன்றை ஒல்லியான உயரப் பாட்டிலில் ஊற்றுங்கள். எதில் தண்ணீர் அதிகம்? நான்கு வயதுப் பிள்ளை அநேகமாகப் பாட்டிலைத்தான் காட்டும். சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே இதை வைத்துத்தான் பிள்ளைகள் யோசிக்கும் விதம் நம்முடையதிலிருந்து வேறுபட்டது என்று காட்டினார். திருத்த வேண்டாம். இரண்டு மூன்று வருஷத்தில் தானாகவே மாறும். நீங்கள் இன்று திருத்தினால் உங்களுக்காக ஆமாம் போடும், அவ்வளவுதான்.

முடிந்தவுடன் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வைக்காதீர்கள். தலைக்குப்புற விழும் சின்னப் பிள்ளைக்கு நான்கு விரல் ஆழத் தண்ணீரே போதும்.

புதன்: மண்

துணியைப் பிரித்தால் வெள்ளை வால் எட்டிப் பார்க்கும். அதைப் பார்க்கவே கால் மணி நேரம் கொடுங்கள். முறுக்கிப் பார்ப்பார்கள், பிய்ப்பார்கள், இரண்டாகப் பிளந்து உள்ளே சுருண்டிருக்கும் குட்டி இலையைக் கண்டுபிடிப்பார்கள். அதற்காகத்தான் கூடுதலாக ஊறவைத்தது.

மண்ணை நீங்களே முந்தின நாள் பார்த்து எடுங்கள். நாய், பூனை புழங்காத இடமாக, கண்ணாடிச் சில்லும் ஆணியும் இல்லாததாக இருக்கட்டும். சலிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், பழைய சல்லடை போதும். கொட்டாங்குச்சியில் முக்கால் அளவு மண், விரலால் அரை அங்குலத்துக்கு ஒரு குழி, ஒரு குழிக்கு இரண்டு பயறு, மேலே ஒரு சிட்டிகை மண். வாலைத் தலைகீழாக நட்டுவிட்டதாக அழுகிற பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். வேர் எப்படி வைத்தாலும் வளைந்து கீழேதான் போகும் என்று சொல்லுங்கள். நம்பாவிட்டால் கண்ணாடி டம்ளரின் ஓரமாக ஒன்றைத் தலைகீழாக நட்டு வையுங்கள், இரண்டு நாளில் அதுவே காட்டிக்கொடுக்கும். தண்ணீரை மூடியில் துளை போட்ட பாட்டிலால் தெளிக்கட்டும். சொம்பைக் கொடுத்தால் விதை மிதந்து வெளியே வந்துவிடும்.

ஒரே ஒரு கொட்டாங்குச்சியை அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள். அது வெளுத்து, மஞ்சளாக, மற்றவற்றைவிட நெட்டையாக வரும். பிள்ளைகள் அதைப் பார்த்தவுடன் "முளைப்பாரி!" என்பார்கள். அம்மன் கோயில் திருவிழாவுக்கு இருட்டறையில் வளர்ப்பதை வீட்டில் பார்த்தவர்கள்தானே.

மிச்ச மண்ணில் தண்ணீர் விட்டுப் பிசைய விடுங்கள். உருண்டை, பாம்பு, தோசை, அடுப்பு, எதுவானாலும் சரி. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது, நகக்கண் உட்பட. இந்த நாளில் மட்டும் அதற்குக் கால் மணி ஒதுக்குங்கள்.

மறுநாள் காலை ஒரு அம்மா கோபமாக வருவார். "என்னா டீச்சர், புள்ளைய படிக்க அனுப்புனா சேறாக்கி அனுப்புறீங்க? எதுத்த வீட்டுப் புள்ள எல்கேஜியில ஏ பி சி டி முழுசா எழுதுது." எதிர்த்துப் பேசாதீர்கள், தத்துவமும் பேசாதீர்கள். "உக்காருங்கம்மா, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிப் பிள்ளையின் கையில் முட்டை அட்டையைக் கொடுங்கள். அவன் பிரித்து எண்ணி முடிப்பதை அவரே பார்க்கட்டும். என் அனுபவத்தில் பத்துக்கு ஏழு பேர் சமாதானமாவார்கள். மற்றவர்களுக்காக ஒரு தட்டில் அரிசி பரப்பி, ஐந்து வயதுப் பிள்ளைகளை விரலால் 'ட', 'ப' என்று எழுத விடுங்கள். விஜயதசமிக்கு நாம் செய்வதுதான், யாரும் மறுக்க மாட்டார்கள். வெறும் நேர்க்கோடுகளால் ஆன எழுத்துகள் என்பதால் பிள்ளைக்கும் வரும்.

வியாழன்: நிறம்

இன்று வேலை லேசானது. வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தைக் குறுக்கே வெட்டினால் பூ மாதிரி அச்சு. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து அதில் தோய்த்துப் பழைய பேப்பரில் குத்தட்டும். காய்ந்ததும் ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீரை விடச் சொல்லுங்கள். மஞ்சள் பூ சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்கிற அதே வேலை. ஆனால் வகுப்பில் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் பெரிய கேடு. சங்குப்பூ கிடைத்தால் வெந்நீரில் ஊறவைத்து ஆறிய நீல நீரில் எலுமிச்சை பிழியுங்கள், ஊதாவாக மாறும்.

சட்டையில் மஞ்சள் பட்டால் அம்மாக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சோப்புப் போட்டதும் சிவப்பாகும், பயப்படாதீர்கள், துவைத்து வெயிலில் போட்டால் மங்கிவிடும்.

வெள்ளி: சுண்டலும் பல்லாங்குழியும்

முளைகட்டிய பயறைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். சத்து என்று சொல்லித்தான் கொடுப்பார்கள், ஆனால் முளைவிடும் ஈரச்சூட்டில் கிருமியும் சேர்ந்து வளரும். நன்றாக வேகவைத்துச் சுண்டலாக்குங்கள். இதற்கான பயறை அடுப்படியிலேயே தனியாக ஊறவையுங்கள், பிள்ளைகள் முறுக்கி விளையாடியது வேண்டாம். எலுமிச்சை பிழிவது, கறிவேப்பிலை உருவுவது, தட்டு எடுத்து வைப்பது எல்லாம் பிள்ளைகள் கையால். தாளிப்பது மட்டும் உதவியாளர் அக்கா.

மணலில் ஏழு ஏழாகப் பதினான்கு குழி பறித்து, புளியங்கொட்டையால் பல்லாங்குழி. முழு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், இந்த வயதுக்கு அது எட்டாது. ஒரு குழியிலிருப்பதை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது, அது போதும். 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று வாயால் ஒப்பிக்கிற பல பிள்ளைகளுக்கு ஒரு எண்ணுக்கு ஒரு பொருள் என்பது இன்னும் பிடிபட்டிருக்காது. வாய் ஐந்தில் இருக்கும், கை மூன்றில் இருக்கும். குழியும் கொட்டையும்தான் இரண்டையும் ஒன்றுசேர்க்கின்றன.

நோட்டுப் பதிவைப் பற்றி: இருபது பிள்ளைக்கும் தினமும் எழுதப் பார்த்தால் புதன்கிழமையோடு விட்டுவிடுவீர்கள். ஒரு நாளைக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு வரி. வாரத்தில் இருபதும் முடிந்துவிடும். 'நன்றாகச் செய்தான்' என்று எழுதாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. 'இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்தான், கோட்டில் நிறுத்தத் தெரியவில்லை' என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை, பொருளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிற பிள்ளை, இவர்களைத் தனியாகக் குறித்துவைத்து, கிராம செவிலியர் வரும்போது காட்டுங்கள்.

சனி, ஞாயிறு பூட்டிய அறையில் செடி காய்ந்துவிடும். அதனால் சாயங்காலம் கொட்டாங்குச்சியை ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். முளைத்தது, முளைக்காதது எல்லாமே போகட்டும், யாருடையது எது என்று மாறாமல் சாக்பீஸால் அடையாளம் போட்டுவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் வாசலிலேயே செய்தி வரும்: ரெண்டு இலை விட்டுடுச்சு, தம்பி கவுத்துட்டான், ஆடு தின்னுடுச்சு. ஆடு தின்ற வீட்டுப் பிள்ளைகளுக்காக, நீங்கள் ரகசியமாக வளர்த்த அந்த இரண்டு கொட்டாங்குச்சியைக் குழாயடியில் எடுத்து வையுங்கள்.